எழுதி வைக்காத பறவை: கல்லூரி வளாகத்தில் கணக்கெடுப்பு எதற்கு?

இந்த எபிசோடை ஒரு பார்க்கிங் ஷெட்டில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் இன்ஜினியரிங் படித்த கல்லூரி மதுரைக்கு வெளியே இருக்கிறது. பேர் வேண்டாம். ஹாஸ்டலுக்குப் பின்னாடி நாலைந்து ஏக்கர் இடம் சும்மா கிடந்தது. சீமைக்கருவேலம், நடுநடுவே பனை, ஓரத்தில் ஒரு இடிந்த கிணறு. ராத்திரி அசைன்மென்ட் எழுதிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் ஆள்காட்டி கத்தும். சாயங்காலம் கிணற்று மேட்டில் புள்ளி ஆந்தை ஜோடியாக உட்கார்ந்திருக்கும். நாங்கள் யாரும் அதைக் கண்டுகொண்டது கிடையாது. அந்த இடத்துக்கு எங்களிடம் இருந்த ஒரே பேர் "முள்ளுக்காடு".

போன வருஷம் ஜூனியர் பசங்களிடம் பேசுவதற்காக அங்கே போயிருந்தேன். முள்ளுக்காடு இல்லை, பனையும் இல்லை. தகரக் கூரை போட்ட ஷெட், வரிசையாக பைக். பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் அண்ணனிடம், "அண்ணே, இங்க முன்னாடி ஆந்தையெல்லாம் இருக்குமே?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அங்க என்னத்த தம்பி இருந்துச்சு, வெறும் முள்ளுதான" என்றார்.

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. இருந்தது என்று எனக்குத் தெரியும். எத்தனை ஜோடி? எந்த மாசத்தில் இருந்து எந்த மாசம் வரைக்கும்? கடைசியாக எப்போது பார்த்தேன்? நாலு வருஷம் அங்கேயே இருந்திருக்கிறேன், கையில் போனும் இருந்தது. ஒரு வரி எழுதி வைக்கவில்லை. அவர் சொன்னதை மறுக்க என்னிடம் இருப்பது ஞாபகம் மட்டும்தான்.

இன்றைய விஷயம் இதுதான். கல்லூரி வளாகங்களில் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து செய்யும் உயிரினக் கணக்கெடுப்பு. அது எப்படி நடக்கிறது, அந்த எண்ணிக்கையை வைத்து என்ன செய்ய முடியும், மதுரைக்காரர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

காம்பவுண்டுக்குள்ளே என்ன இருக்கப்போகிறது?

ஊர் வளரும்போது நிலம் துண்டுதுண்டாகிறது. வயல் பிளாட் ஆகும், கண்மாய்க்கரை ரோடு ஆகும். ஆனால் ஒரு பழைய கல்லூரிக்குள்ளே பல ஏக்கர் நிலம் ஒரே துண்டாக, ஒரே சுவருக்குள், பல பத்தாண்டுகளாக அப்படியே இருக்கும். மரங்களுக்கு வயதாக விடுகிறார்கள். வயதான மரத்தில்தான் பொந்து விழும். பொந்து இருந்தால்தான் ஆந்தையும் கிளியும் மைனாவும் குடியிருக்க முடியும்.

மதுரையில் இது நன்றாகவே தெரியும். 1881-ல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். கோரிப்பாளையத்து டிராஃபிக்குக்குப் பக்கத்திலேயே பெரிய பெரிய மரங்கள். ஒத்தக்கடை தாண்டினால் யானைமலைப் பக்கம் 1965-ல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரி. அங்கே பாசன வயல். மேற்கே 1966-ல் தொடங்கிய காமராசர் பல்கலைக்கழகம். அது நாகமலை ஓரத்து வறண்ட புதர் நிலம். ஒரே ஊரில் மூன்று விதமான வாழிடம். பொதுவாக, பெரிய மரம் இருக்கும் இடத்தில் புள்ளி ஆந்தையும் மாங்குயிலும் இருக்கும். வயலில் கொக்கும் மடையானும் மீன்கொத்தியும். புதர் நிலத்தில் ஆள்காட்டி, கவுதாரி, பஞ்சுருட்டான், பனங்காடை.

இது போக விருந்தாளிகள் இருக்கிறார்கள். ஆறுமணிக்குருவி தெரியுமா? உடம்பில் ஒன்பது நிறம் இருக்கும், காலையும் மாலையும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் கூப்பிடும் என்பதால் அந்தப் பேர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, மழைக்காலம் முடியும்போது ராத்திரியில் பறந்து தெற்கே வருகிறது. வந்த களைப்பில் சில சமயம் வீட்டுத் தோட்டத்தில், காலேஜ் வராண்டாவில் விழுந்து கிடக்கும். அதற்கு வேண்டியது நிழலும், கீழே கிடக்கும் சருகும், சருகுக்குள் புழு பூச்சியும். நாம் "குப்பை" என்று கூட்டித் தள்ளுகிற அதே சருகுதான்.

நல் வேற, ஜீரோ வேற

சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது சட்டென்று புரியும். டேட்டாபேஸில் ஒரு கட்டம் "நல்" என்று இருந்தால், அங்கே மதிப்பு என்ன என்று யாரும் சொல்லவே இல்லை. ஜீரோ என்று இருந்தால், யாரோ பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் குழப்பினால் ரிப்போர்ட் முழுக்கத் தப்பாகிவிடும்.

பறவைக் கணக்கெடுப்பில் உலகம் முழுக்க அதிகம் பயன்படுவது இ-பேர்ட். 2002-ல் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடபான் அமைப்பும் சேர்ந்து ஆரம்பித்தது. போனில் ஆப் இருக்கிறது. எங்கே நின்றீர்கள், எத்தனை நிமிஷம் பார்த்தீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள், என்னென்ன எத்தனை பார்த்தீர்கள் என்று பதியலாம். கடைசியில் ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்துவிட்டீர்களா?

அந்த ஒரு கேள்விதான் மொத்த விஷயமும். "ஆமாம்" என்றால் அது முழுமையான பட்டியல். அதில் மைனா இல்லை என்றால், அந்த நேரத்தில் அந்த ஆள் கண்ணில் மைனா படவில்லை என்று அர்த்தம். அதாவது ஜீரோ. "இல்லை, அழகாக இருந்த ரெண்டை மட்டும் போட்டேன்" என்றால் மைனா விஷயத்தில் அது நல். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு வளாகத்தில் இந்த பிப்ரவரியில் பத்து முழுமையான பட்டியல் போட்டார்கள், ஆறில் பனங்காடை இருக்கிறது. அறுபது சதவீதம். அஞ்சு வருஷம் கழித்து அதே பிப்ரவரியில் அதே மாதிரி பத்துப் பட்டியல், ஒன்றில்தான் பனங்காடை. பத்து சதவீதம். உள்ளே மொத்தம் எத்தனை பனங்காடை இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் என்னமோ நடந்திருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. ஒரு பட்டியலில் தப்பு இருக்கலாம். பத்து பேர் பல வருஷம் போடும்போது அந்தத் தப்புகளுக்கு நடுவிலும் போக்கு தெரியும். மானிட்டரிங் செய்கிறவர்களுக்கு இது பழக்கமான விஷயம்: சர்வர் நல்லா ஓடும்போது எடுத்த லாக் இல்லாவிட்டால், அது விழுந்த பிறகு எதோடு ஒப்பிடுவது?

பிப்ரவரியில் நாலு நாள், தைப்பொங்கலுக்கு நாலு நாள்

உலகப் பெருங்கணக்கெடுப்பு ஒன்று 1998-ல் இருந்து ஒவ்வொரு பிப்ரவரியிலும் நாலு நாள் நடக்கிறது. "கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுண்ட்" என்று பேர். இந்தியா 2013-ல் சேர்ந்தது. அதற்குள்ளேயே கல்வி நிறுவனங்களுக்காகத் தனியாக நடப்பதுதான் "கேம்பஸ் பேர்ட் கவுண்ட்", அதாவது வளாகப் பறவைக் கணக்கெடுப்பு. நம் ஊருக்கென்று ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் நடக்கிறது. வீட்டு மாடி, கண்மாய்க்கரை, ஊர் மந்தை என்று எங்கே இருந்தும் செய்யலாம்.

விதி ரொம்ப எளிது. குறைந்தது பதினைந்து நிமிஷம் ஒரு இடத்தில் நின்றோ நடந்தோ பாருங்கள். பார்த்தது, சத்தத்தை மட்டும் கேட்டது, ரெண்டையும் எண்ணுங்கள். கூட்டமாகப் பறந்தால் தோராயமான எண் போதும். அதே கூட்டம் திரும்பி வந்தால் மறுபடியும் எண்ணாதீர்கள். அடையாளம் தெரியாததைக் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். விட்டுவிடுவது தப்பே இல்லை. காக்காயையும் மாடப்புறாவையும் கட்டாயம் போடுங்கள். புதுசாக வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு இதுதான்: "காக்காயை எதுக்குங்க எழுதிக்கிட்டு?"

காக்காயை எதுக்கு எழுதணும்?

2023-ல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றி ஒரு அறிக்கை வந்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் போட்ட மூன்று கோடிக்கும் அதிகமான பதிவுகளை வைத்து 942 இனங்களை ஆராய்ந்தார்கள். நீண்டகாலப் போக்கைச் சொல்லும் அளவுக்கு டேட்டா இருந்தது 338 இனங்களுக்குத்தான். அதில் 204 இனங்கள் குறைந்திருக்கின்றன, 98 மாறாமல் இருக்கின்றன, 36 கூடியிருக்கின்றன. மீதி அறுநூறு இனங்களுக்கு என்ன ஆச்சு? பதில் சொல்லப் போதுமான பதிவு இல்லை. நான் முன்னாடி சொன்ன அதே நல்.

கூடியது எது, குறைந்தது எது என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம். மயில் கூடியிருக்கிறது. மதுரையைச் சுற்றி வயல் வைத்திருக்கிறவர்களிடம் கேட்டால் இதை அறிக்கை இல்லாமலேயே சொல்வார்கள், கோபத்தோடு. குயிலும் மாடப்புறாவும் கூடியிருக்கின்றன. ஆனால் நாம் சாதாரணம் என்று நினைத்த பனங்காடை குறைந்துகொண்டே வருகிறது. அதன் உலக அளவிலான ஆபத்து நிலையை மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்று அந்த அறிக்கை சொன்ன பதினான்கு இனங்களில் அதுவும் ஒன்று.

மின்கம்பியில் தவிட்டு நிறத்தில் உட்கார்ந்திருக்கும், பறந்தால் இறக்கை நீலமாக விரியும், அதுதான் பனங்காடை. பட்டுப்போன பனையின் பொந்திலும் முட்டை வைக்கும். அதே பனையின் ஓலைக்கு அடியில் பனை உழவாரன் கூடு ஒட்டும். ஒரு வளாகத்தில் "பட்டுப்போன மரம்தானே" என்று பத்துப் பனையை எடுக்கும்போது இந்த இரண்டு குடும்பமும் காலி செய்கிறது. பக்கத்தில் அதே நேரம் நாலு மயில் நடந்துபோகும். பார்க்கிறவர்கள் "எங்க கேம்பஸ்ல மயிலே இருக்கு, இயற்கை செழிப்பா இருக்கு" என்று போட்டோ போடுவார்கள். கண்ணுக்கு மயில் தெரியும். பனங்காடை இல்லாமல் போனதைப் பட்டியல் இருந்தால்தான் கவனிப்போம்.

குகைக்குள் இருந்த கடிகாரம்

பறவை மட்டும்தானா? இல்லை. மதுரைக்கு இதில் ஒரு நல்ல வரலாறே இருக்கிறது, நம்மில் நிறைய பேருக்குத் தெரியாது.

காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்ற உயிரியலாளர் உடல் கடிகாரத்தைப் பற்றி ஆராய்ந்தார். வவ்வால் ஆராய்ச்சிக்கு அவரும் ஜி. மாரிமுத்து போன்றவர்களும் வெகுதூரம் போகவில்லை. சுற்றியிருக்கிற பாறைக்குன்றுகளின் குகைகளிலேயே வவ்வால் இருந்தது. 1981-ல் அவர்களும் எஸ். ராஜனும் சேர்ந்து ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பகல், இரவு வெளிச்சம் எட்டாத குகை. அதற்குள் ஒரு வவ்வாலைக் கூண்டில் வைக்கிறார்கள். மற்ற வவ்வால்கள் சாயங்காலம் வெளியே போய் விடியற்காலையில் திரும்புகின்றன. கூண்டுக்குள் இருப்பது வெளிச்சத்தைப் பார்க்கவே இல்லை, ஆனாலும் கூட்டம் கிளம்புகிற நேரத்தோடு அதன் கடிகாரமும் ஒத்துப்போகிறது. கூட்டமே இல்லாத குகையில் தனியாக வைத்தால், அதன் கடிகாரம் வெளி உலகத்தோடு ஒட்டாமல் தன் போக்கில் விலகி ஓடுகிறது. அதாவது, நேரம் என்ன என்பதை அது தன் கூட்டத்திடம் இருந்தும் தெரிந்துகொள்கிறது.

இந்தச் சோதனைக்கு வேண்டியது ஒரு குகையும் அதில் குடியிருக்கிற வவ்வால் கூட்டமும். நாம் "வெறும் பாறை" என்கிற இடம் உலகம் படிக்கிற ஆய்வுக்குக் களமாக இருந்திருக்கிறது.

இன்னொரு வவ்வால் கதை. 1948-ல் மேகமலையில் (அன்றைக்கு அது மதுரை மாவட்டம், இப்போது தேனி) ஆங்கஸ் ஹட்டன் என்கிற தோட்டத்துக்காரர் ஒரு பழந்தின்னி வவ்வாலைச் சேகரித்தார். அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனது. ஏற்கெனவே தெரிந்த சாதாரண வவ்வால் என்று லேபிள் ஒட்டி வைத்துவிட்டார்கள். 1972-ல் கிட்டி தொங்லோங்யா என்கிற தாய்லாந்து விலங்கியலாளர் அதை எடுத்துப் பார்த்தார். இது புது இனம் மட்டுமில்லை, புதுப் பேரினமே என்று கண்டுபிடித்து, சலீம் அலியின் பேரை வைத்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் சில இடங்களில் மட்டும் இருக்கும் உயிர் அது.

கவனியுங்கள், லேபிள் தப்பு. ஆனால் இடமும் வருஷமும் எழுதி, மாதிரியைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். இருபத்துநாலு வருஷம் கழித்து இன்னொருவர் வந்து தப்பைத் திருத்த அது போதுமாக இருந்தது. இன்றைக்கு நாம் ஒரு போட்டோவும் தேதியும் இடமும் போட்டு வைத்தால் அதற்கும் இதே பயன்தான்.

அரிட்டாபட்டியில் நடந்தது

பட்டியலால் நிஜத்தில் ஏதாவது நடக்குமா என்று கேட்பீர்கள். மதுரைக்காரர்களுக்கு இதற்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை.

மேலூர் பக்கம் அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.215 ஹெக்டேரைத் தமிழக அரசு பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அதுதான் முதல் தலம். ஏழு குன்றுகள், குடைவரைக் கோயில், சமணர் படுக்கை, தமிழி கல்வெட்டு எல்லாம் இருக்கிற ஊர். அறிவிப்பில் வரலாறு மட்டும் இல்லை. சுமார் 250 பறவையினங்கள், அதில் லகர் ஃபால்கன், ஷாஹீன் ஃபால்கன், போனெல்லி கழுகு என்று மூன்று முக்கியமான வேட்டைப் பறவைகள், தேவாங்கு, எறும்புத்தின்னி என்று பட்டியல் இருந்தது. யாரோ வெயிலில் நின்று பார்த்து, பேரும் எண்ணிக்கையும் எழுதியதால்தான் அரசாணையில் அந்த வரிகள் வந்தன.

இரண்டே வருஷம். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலம் போனது. சுமார் 2,015 ஹெக்டேர். அதற்குள் இந்தத் தலமும் இருந்தது. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். ஊர் ஊராகப் போராட்டம், டிசம்பர் 9-ல் சட்டமன்றத் தீர்மானம், ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியில் இருந்து மதுரை வரைக்கும் நடந்துவந்த கூட்டம். நடுவில் டிசம்பர் கடைசியில், பல்லுயிர் தலத்தை மட்டும் விட்டுவிட்டு எல்லையை மாற்ற முடியுமா என்று பார்க்கச் சொன்னது மத்திய சுரங்க அமைச்சகம். 2025 ஜனவரி 23-ல் ஏலமே ரத்து ஆனது.

ஏலத்தை ரத்து செய்ய வைத்தது மக்கள். பறவைப் பட்டியல் ஏலத்தை நிறுத்தியது என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் அந்தப் பேச்சில் "இங்கே என்ன இருக்கிறது" என்ற கேள்விக்கு யாரும் புதுசாகப் பதில் தேட வேண்டியிருக்கவில்லை. பதில் ஏலத்துக்கு முன்னாடியே அரசிதழில் இருந்தது. என் கல்லூரி முள்ளுக்காட்டுக்கு அப்படி ஒரு தாள் இல்லை. வாட்ச்மேன் அண்ணன் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. அவர் பார்த்த ரெக்கார்டுப்படி அவர் சொன்னது சரி.

உங்கள் வளாகத்தில் எப்படி ஆரம்பிப்பது?

முதலில், தனியாகத் தொடங்கலாம். ஹாஸ்டலில் இருந்து மெஸ்ஸுக்குப் போகிற வழியில் ஒரு இடத்தை முடிவு செய்யுங்கள். வாரம் ஒரு நாள், காலை ஏழு மணிக்கு முன்னாடி, பதினைந்து நிமிஷம். வருஷத்துக்கு ஒரு நாள் பெரிய திருவிழா நடத்துவதைவிட இது அதிகம் உதவும். பரீட்சை லீவில் விட்டுப்போனாலும் பரவாயில்லை, மறுபடி தொடருங்கள்.

பறவை பிடிக்காதவர்களுக்கு வண்ணத்துப்பூச்சி இருக்கிறது. காலை ஒன்பதுக்கு மேல் வெயில் ஏறின பிறகு பார்க்கலாம், தூக்கம் கெடாது. நம் மாநில வண்ணத்துப்பூச்சி தமிழ் மறவன், 2019-ல் அறிவித்தார்கள். அது மலைக்காடுகளில் இருப்பது, அதனால் கேம்பஸில் தேடி ஏமாற வேண்டாம். எலுமிச்சை, கறிவேப்பிலைச் செடிகளில் முட்டை வைக்கிறவை இங்கேயே இருக்கும். செடி, பூச்சி, தவளை எல்லாவற்றுக்கும் ஐ-நேச்சுரலிஸ்ட் இருக்கிறது. போட்டோ போட்டால் தெரிந்தவர்கள் அடையாளம் சொல்வார்கள்.

மரங்களைக் கேட்க மறக்காதீர்கள். தோட்டக்காரர்களும் ராத்திரி வாட்ச்மேன்களும் பார்த்திருப்பது மாணவர்களைவிட அதிகம். ஆந்தை எந்தப் பொந்தில் இருக்கிறது, சாரைப்பாம்பு எங்கே வெயில் காய்கிறது, எந்த மரத்தில் வவ்வால் தொங்குகிறது என்று அவர்கள் சொல்வார்கள். அவர்களையும் குழுவில் சேருங்கள்.

சில விஷயங்களைச் செய்யாதீர்கள். கூட்டின் படத்தையும் சரியான இடத்தையும் வெளியே போடாதீர்கள். தேவாங்கு மாதிரி கடத்தலுக்கு ஆளாகும் உயிரைப் பார்த்தால் இடத்தைச் சொல்லவே வேண்டாம். போனில் பறவைச் சத்தத்தை ஓட்டி வரவழைக்காதீர்கள். குகைக்குள் கும்பலாகப் போய் டார்ச் அடிக்காதீர்கள்.

கடைசியாக, பட்டியலைக் கம்ப்யூட்டரிலேயே தூங்க விடாதீர்கள். வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு பக்க அறிக்கையாக எழுதி முதல்வரிடமும் எஸ்டேட் ஆபீஸிலும் நூலகத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். 2002-ம் வருஷத்து பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சிகளில் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும், மக்கள் பல்லுயிர் பதிவேடும் இருக்க வேண்டும். உங்கள் ஊர் பதிவேட்டுக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

கட்டிடமே கட்டக்கூடாது, சீமைக்கருவேலத்தைத் தொடக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பசங்களுக்கு பைக் நிறுத்த இடம் வேண்டும்தான். ஜேசிபி வருவதற்கு முன்னாடி, அங்கே என்ன இருக்கிறது என்று ஒரு தாள் மேஜையில் இருந்தால், ஷெட்டை இருபதடி தள்ளிப் போடலாமா, அந்தப் பனையை மட்டும் விடலாமா என்று ஒரு பேச்சாவது வரும்.

இதைப் பேசுவதற்கு முன்னாடி போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல்லூரிக்கு மறுபடி போனேன். ஷெட்டுக்கு வெளியே நின்று பதினைந்து நிமிஷம் முழுமையான பட்டியல் போட்டேன். காக்கா, மைனா, மாடப்புறா, ஒரு கரிச்சான், தண்ணித் தொட்டியில் ஒரு வெண்மார்பு மீன்கொத்தி. புள்ளி ஆந்தை இல்லை, ஆள்காட்டி இல்லை. அந்த இடத்துக்கு இப்போது ஒரு ஜீரோ இருக்கிறது, தேதியோடு. வாட்ச்மேன் அண்ணன் பக்கத்தில் வந்து போனை எட்டிப் பார்த்தார். "நியூ பிளாக் பின்னாடி வேப்பமரத்துல சாயங்காலம் ரெண்டு உக்காரும் தம்பி, அத எழுதிக்கிட்டியா?" என்றார்.

அடுத்த வாரம் சாயங்காலம் போகிறேன். உங்கள் வளாகத்தில் முதல் பட்டியல் போட்டதும் எனக்கும் சொல்லுங்கள். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.